ஓதம் ஏறிய சுவரும் ஒரு வீட்டுக்காரரின் கணக்கும்

கடந்த 14 ஆண்டுகளாக மூன்று வீடுகளை வாடகைக்கு விட்டு வருகிறேன். அவற்றில் மேல்தளத்து வீட்டில் நான்கு ஆண்டுகள் குடியிருந்த ஒரு குடும்பம், அத்தனை காலத்தில் ஒரே ஒரு முறைதான் என்னிடம் ஒரு குறையைச் சொன்னது. குளியலறைக்குப் பின்புறம் உள்ள படுக்கையறைச் சுவரில் கையகலத்துக்கு ஈரம் தெரிகிறது என்றார் அந்த வீட்டு அம்மா. வேறு ஏதோ எரிச்சலில் இருந்த நான், தண்ணீரை வாரி இறைத்தால் சுவர் ஈரமாகத்தான் செய்யும் என்று கடுமையாகவே பதில் சொல்லிவிட்டேன். அதன் பிறகு அவர்கள் எதைப் பற்றியும் பேசவில்லை. மாதம் தவறாமல் வாடகை வந்தது; தொந்தரவில்லாத குடித்தனம் வாய்த்திருக்கிறது என்று நானும் நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்கள் காலி செய்த அன்றுதான், பீரோ நின்றிருந்த இடத்தில் சுவர் இடுப்பளவு உயரத்துக்குப் பொருமி உதிர்ந்திருந்ததையும், கீழ்வீட்டுக் கூரையில் காரை பெயர்ந்து கம்பி துருவோடு தெரிந்ததையும் பார்த்தேன். சுவருக்குள் போகும் குழாயின் இணைப்பு ஒன்றில் விழுந்த மயிரிழை விரிசல்தான் காரணம். முதல் நாளே ஆள் அனுப்பியிருந்தால் இரண்டு ஓடுகளைப் பெயர்த்து அரை நாளில் முடித்திருக்கலாம். சுவரையும் தளத்தையும் சரிசெய்து, பூச்சு உலர்ந்து, வண்ணமடித்து அடுத்த குடித்தனம் வைக்க எனக்கு மூன்று மாதங்கள் ஆயின.

வீட்டைப் பராமரிப்பது பற்றி யார் என்னிடம் யோசனை கேட்டாலும் இந்தக் கதையில்தான் தொடங்குகிறேன். வாடகைக்கு விட்ட வீட்டில் நாம் வாழ்வதில்லை. இரவில் தொட்டியில் தண்ணீர் நிரம்பி வழியும் சத்தம், சுவிட்சை அழுத்தும்போது வரும் பொறி, மழைக்கு மறுநாள் சன்னல் மூலையில் தோன்றும் கறை ஆகிய எதையும் நாம் பார்க்கப் போவதில்லை. அவற்றைப் பார்க்கும் ஒரே ஆள் அங்கே குடியிருப்பவர். அவர் சொல்லும் குறையை நம் பணத்தின் மீது அவர் நடத்தும் தாக்குதலாக எடுத்துக்கொண்டால், ஒன்றிரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு அவர் நிறுத்திக்கொள்வார். அவருக்கு அது வாடகை வீடு. ஈரச் சுவரை மறைத்து ஒரு பீரோவை நகர்த்தி வைத்தால் அவருடைய சிக்கல் தீர்ந்தது. குறை சொல்லாத குடித்தனத்தைக் கண்டால் இப்போதெல்லாம் எனக்கு நிம்மதி வருவதில்லை, ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரத்தான் தோன்றுகிறது.

குறையைக் கேட்டுக்கொள்வதற்கு ஒரு முறை வேண்டும். வாயால் சொன்னது மறந்துபோகும், பிறகு சொன்னதா இல்லையா என்று வாக்குவாதம் வரும். ஆகவே எந்தக் குறையானாலும் ஒரு படத்தோடு கைப்பேசியில் எழுதி அனுப்பச் சொல்லிவிடுகிறேன். அனுப்பிய அன்றே பதில் எழுதுவேன். வேலை அன்றே நடக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் யார் வருவார், என்று வருவார் என்பதை அன்றே தெரிவித்துவிட்டால் பாதிக் கோபம் எழாமலேயே போய்விடுகிறது. அவசரம் எது, பொறுக்கக்கூடியது எது என்பதையும் குடிவரும்போதே பேசி வைத்துக்கொள்வது நல்லது. மின்கசிவு, எரிவாயு வாடை, நிற்காமல் ஓடும் தண்ணீர், அடைத்துக்கொண்ட கழிப்பறை, பூட்ட முடியாத வாசற்கதவு ஆகியவை அந்த நேரத்திலேயே கவனிக்க வேண்டியவை. அலமாரிக் கதவின் கீல் தளர்ந்திருப்பது ஒரு வாரம் பொறுக்கும். சொட்டும் குழாயைப் பலரும் இந்த இரண்டாவது வகையில் சேர்க்கிறார்கள், நான் சேர்ப்பதில்லை.

அதற்குக் காரணம் எளிய கணக்கு. ஏறத்தாழ 20 சொட்டுகள் சேர்ந்தால் ஒரு மில்லிலிட்டர். நொடிக்கு ஒரு சொட்டு என்று வைத்துக்கொண்டாலும் ஒரு நாளைக்கு 86,400 சொட்டுகள், அதாவது நான்கு லிட்டருக்கு மேல். ஓர் ஆண்டில் 1,500 லிட்டருக்கு மேல். தொட்டியில் விழுந்து வடிகாலில் போனால் தண்ணீர்தான் நட்டம். அதே அளவு சுவருக்குள் இறங்கினால் என்னாகும் என்பதை மேலே சொல்லிவிட்டேன். வெளியே தெரியாத கசிவைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. வீட்டில் உள்ள எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, தண்ணீர் மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொண்டு, இரண்டு மணி நேரம் யாரும் தண்ணீரைத் தொடாமல் இருந்து மீண்டும் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது. மீட்டர் இல்லாத வீட்டில் மேல்நிலைத் தொட்டிக்கு வரும் நீரை நிறுத்திவிட்டு நீர்மட்டத்தைக் கோடிட்டு வைத்து இதையே செய்யலாம். ஃப்ளஷ் தொட்டியில் ஏதாவதொரு சாயத்தைச் சிறிது கலந்துவிட்டு, அரை மணி நேரம் கழித்துக் கழிப்பறைக் கிண்ணத்தில் நிறம் இறங்கியிருக்கிறதா என்று பார்த்தால், உள்ளே இருக்கும் ரப்பர் தேய்ந்துவிட்டதா என்பது தெரிந்துவிடும். அந்தக் கசிவு சத்தமே போடாது, ஆண்டுக்கணக்கில் ஓடும்.

இன்னொன்று, முதன்மை வால்வு எங்கே இருக்கிறது என்பதைக் குடிவரும் நாளிலேயே வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லோருக்கும் காட்டி, அவர்கள் கையாலேயே ஒரு முறை மூடித் திறக்கச் சொல்ல வேண்டும். நள்ளிரவில் குழாய் பிய்த்துக்கொண்டால் பிளம்பர் வந்து சேர ஒரு மணி நேரமாவது ஆகும். அந்த ஒரு மணி நேரத்தில் வீடு நனையுமா இல்லையா என்பது இந்த ஒரு பழக்கத்தைப் பொறுத்தது. பல ஆண்டுகள் தொடாத வால்வு இறுகிப்போய்த் திரும்பாது என்பதால், ஆண்டுக்கு இரண்டு முறையாவது அதைத் திருப்பிப் பார்த்துக்கொள்கிறேன்.

சுவரில் ஈரம் தெரிந்தவுடன் வண்ணமடிப்பவரைக் கூப்பிடுவது வீட்டுக்காரர்கள் செய்யும் தவறுகளிலேயே விலை கூடியது என்பது என் எண்ணம். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் மேலே பூசப்படும் எந்த வண்ணமும் சில மாதங்களில் கொப்புளித்து உரிந்துவிடும். தரையிலிருந்து நுண்துளைகள் வழியே மேலேறும் ஓதம் பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரத்தைத் தாண்டுவதில்லை; அது நிற்கும் இடத்தில் அலைக்கோடு போன்ற கறையும் வெள்ளையாகப் பூத்த உப்பும் இருக்கும். வெளிச்சுவர் விரிசல் வழியாகவோ கூரையிலிருந்தோ வரும் ஈரம் எந்த உயரத்திலும் திட்டாகத் தெரியும். மழைக்குப் பிறகு பெரிதாகும், வெயிலில் சுருங்கும். குழாய்க் கசிவு மழை வெயில் பார்க்காது, நாளும் கொஞ்சம் பரவும். நான்காவதாக ஒன்று உண்டு. காற்றோட்டமில்லாத அறையில் குளிக்கும், சமைக்கும், துணி உலர்த்தும் நீராவி, குளிர்ந்த சுவரில் பட்டுத் துளியாகப் படிவது அது. அறையின் மூலைகளிலும் பீரோவின் முதுகுப்புறத்திலும் கரும்புள்ளிகளாகப் பூஞ்சை தெரிந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். பிரித்தறிய ஒரு சோதனை இருக்கிறது. ஈரமான இடத்தின் மேற்பரப்பை நன்றாக உலர்த்தி, ஒரு சாண் அலுமினியத் தாளை நான்கு புறமும் ஒட்டுநாடா வைத்துக் காற்றுப் புகாமல் ஒட்டிவிட்டு இரண்டு நாள் கழித்துப் பார்க்க வேண்டும். தாளின் அறைப்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் அறைக்காற்றிலிருந்து வருகிறது. சுவர்ப்பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. முதலாவதற்குக் காற்றுப்போக்கி மின்விசிறியும் திறந்த சன்னலும் போதும். இரண்டாவதற்குக் கொத்தனார் வேண்டும்.

கொத்தனார் வந்து புதிதாகப் பூசிய சுவரில் அவசரப்பட்டு வண்ணமடித்துவிடக் கூடாது. சிமெண்ட் பூச்சு நன்றாக உலர ஏறத்தாழ நான்கு வாரங்கள் ஆகும். அடுத்த குடித்தனம் காத்திருக்கிறது என்று பத்து நாளில் அடிக்கச் சொல்லி, அந்த ஆண்டே மறுபடியும் சுரண்டி அடித்தவன் நான்.

கூரையைப் பற்றிப் பலரும் நினைப்பதில்லை, ஏனெனில் மேலே ஏறிப் பார்க்கும் வேலை இருக்கிறது. 100 சதுர மீட்டர் பரப்புள்ள தட்டைத் தளத்தில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் தேங்கினால் அது 1,000 லிட்டர். அதன் எடை ஒரு டன். அந்த எடையைத் தளம் தாங்கிக்கொள்ளும். தாங்க முடியாதது நாள்கணக்கில் தேங்கும் ஈரத்தைத்தான். கான்கிரீட்டின் காரத்தன்மை உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் உள்ளே இறங்க இறங்க அந்தக் காரத்தன்மை குறையும். அந்த நிலையில் ஈரமும் சேர்ந்தால் கம்பி துருப்பிடிக்கத் தொடங்கும். துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமான இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பதால் மேலுள்ள கான்கிரீட்டை நெம்பித் தள்ளிவிடுகிறது. கூரையில் காரை பெயர்ந்து விழுவதற்கு முன்பு கம்பி போகும் வரிசையிலேயே நேர்க்கோடாக விரிசல் விழும். விரலால் தட்டினால் உள்ளே பொள்ளலான சத்தம் கேட்கும். அந்தக் கட்டத்திலேயே பொறியாளர் ஒருவரை அழைத்துவிடுவது நல்லது. மழைக்காலம் தொடங்கும் முன் மேலே ஏறி, மழைநீர்க் குழாயின் வாயில் அடைத்திருக்கும் இலைதழைகளை எடுத்துவிட்டு, ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பதற்குக் கால் மணி நேரம்தான் ஆகும். கைப்பிடிச்சுவரும் தளமும் சேரும் மூலைதான் பெரும்பாலும் முதலில் விரிசல் விடுகிறது. அங்கே கண் வைத்திருங்கள்.

குளியலறைத் தரையைப் பெயர்த்துப் புதிதாகப் போடும் வேலை எப்போதாவது வந்தால், ஓடு பதிப்பதற்கு முன் நீர்த்தடுப்புப் பூச்சைச் சோதித்துவிட வேண்டும். வடிகால் வாயை அடைத்து, தரையில் இரண்டு விரற்கடை தண்ணீரைக் கட்டி, 24 மணி நேரம் விட்டுக் கீழே கூரையைப் பார்க்க வேண்டும். ஒரு நாள் வீணாகிறது என்று வேலைக்காரர் முனகுவார். முனகட்டும்.

மின்சாரத்தில் வீட்டுக்காரருக்கு ஒரு வேறுபாடு கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். பெட்டியில் வரிசையாக இருக்கும் எம்.சி.பி.கள் கம்பியைக் காப்பவை. அளவுக்கு மீறிய மின்சாரம் ஓடினால் கம்பி சூடாகி எரியாமல் துண்டிப்பது அவற்றின் வேலை. மனிதரைக் காப்பது ஆர்.சி.சி.பி. எனப்படும் மின்கசிவுத் தடுப்பி. போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டேயிருந்து, அவற்றுக்கிடையே 30 மில்லி ஆம்பியர் வேறுபாடு வந்தாலே நொடியின் ஒரு சிறு பகுதிக்குள் அது இணைப்பைத் துண்டித்துவிடும். பழைய வீடுகள் பலவற்றில் இது இருப்பதில்லை. வாடகைக்கு விடும் வீட்டில் இதை வைக்காமல் இருப்பதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. அதன் முகப்பில் உள்ள சோதனைப் பொத்தானை மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது அழுத்திப் பார்க்க வேண்டும். உடனே விழவில்லை என்றால் மாற்றிவிட வேண்டியதுதான். எர்த் இணைப்பு சரியாக இருக்கிறதா என்பதை எலக்ட்ரீஷியனைக் கொண்டு அளந்து பார்த்துக்கொள்ளுங்கள். பிளக் செருகும் இடம் பழுப்பேறியிருந்தாலோ, தொட்டால் சூடாக இருந்தாலோ, உள்ளே திருகு தளர்ந்து பொறி பறக்கிறது என்று பொருள். தீ விபத்து தொடங்கும் இடங்களில் அதுவும் ஒன்று. குடியிருப்பவர் அடிக்கடி எம்.சி.பி. விழுகிறது என்றால், பெரிய எம்.சி.பி.யாக மாற்றிவிட்டால் தீர்ந்துவிடும் என்று சொல்லும் ஆளை உடனே அனுப்பிவிடுங்கள். கம்பி பழையதாகவே இருக்க, காவலை மட்டும் தளர்த்தும் யோசனை அது.

தண்ணீர் சூடேற்றும் கலனில் பாதுகாப்பு வால்வு சொட்டுகிறது என்று யாராவது அதை அடைத்துவிட்டிருந்தால், வேறு எந்த வேலையையும் விட்டுவிட்டு முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். வெப்பக் கட்டுப்பாடும் பழுதாகும் நாளில் அழுத்தம் வெளியேற வழியில்லாமல் கலன் வெடிக்கும். கலனுக்குள் மெக்னீசியத் தண்டு ஒன்று இருக்கும். கலனுக்குப் பதிலாகத் தான் அரிக்கப்பட்டுப்போவதற்கென்றே வைக்கப்பட்டது அது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை கழற்றிப் பார்த்து, கரைந்துபோயிருந்தால் மாற்றினால் கலன் பல ஆண்டுகள் கூடுதலாக உழைக்கும். உப்புத் தண்ணீர் உள்ள இடத்தில் இன்னும் விரைவாகவே பார்க்க வேண்டியிருக்கும். எரிவாயுவில் இயங்கும் சூடேற்றியைக் காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் பொருத்தவே கூடாது. முழுமையாக எரியாத எரிவாயுவிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிக்கப் போனவர் மயங்கி விழுந்த பிறகுதான் தெரியும். புகை உணரிகள் பொருத்தியிருந்தால், உள்ளே இருக்கும் உணரும் பகுதி காலப்போக்கில் மங்கிவிடும் என்பதால், மின்கலத்தை மட்டும் மாற்றிக்கொண்டிருக்காமல் தயாரித்த தேதியிலிருந்து 10 ஆண்டுகளில் கருவியையே மாற்றிவிட வேண்டும்.

வீடு காலியாக இருக்கும் நாள்களில் கழிவறையிலிருந்து நாற்றம் வருகிறது என்றால் குழாய் உடைந்துவிட்டது என்று பதறத் தேவையில்லை. வடிகாலின் வளைவில் ஏறத்தாழ 50 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் கழிவுநீர்க் காற்றை வீட்டுக்குள் வராமல் தடுக்கிறது; யாரும் புழங்காத வீட்டில் அது சில வாரங்களில் ஆவியாகிவிடும். வாரம் ஒரு முறை போய் எல்லா வடிகால்களிலும் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால் போதும். நாற்றம் அடிக்கும் வீட்டைப் பார்க்க வருபவர்கள் காரணத்தைக் கேட்டுக்கொண்டிருப்பதில்லை, திரும்பிப் போய்விடுகிறார்கள்.

பராமரிப்புக்கு எவ்வளவு ஒதுக்குவது என்பதற்கு, வீட்டு மதிப்பில் ஆண்டுக்கு ஒரு விழுக்காடு என்று ஒரு கணக்கைப் பலரும் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வீட்டின் மதிப்பில் பெரும்பகுதி மனையின் மதிப்பு; மனை ஒழுகுவதில்லை, கம்பி துருப்பிடிப்பதும் இல்லை. செலவு வைப்பது கட்டடம், அதிலும் அதன் வயது. ஆண்டுக்கு ஒரு மாத வாடகையைத் தொடாமல் தனிக்கணக்கில் போட்டு வருகிறேன். 20 ஆண்டுகளைத் தாண்டிய வீட்டுக்கு ஒன்றரை மாத வாடகை. செலவில்லாத ஆண்டில் அதை எடுத்துச் செலவழித்துவிடாமல் இருப்பதுதான் கடினமான பகுதி.

காலியாகக் கிடக்கும் மாதத்தையும் செலவாகவே எழுத வேண்டும். ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் ஆண்டு வாடகையில் 8.33 விழுக்காடு போய்விட்டது. இருக்கும் குடித்தனத்திடம் ஐந்து விழுக்காடு கூட்டிக் கேட்டு, அவர் ஒத்துக்கொள்ளாமல் வெளியேறி, வீடு ஒரு மாதம் காலியாக இருந்து, புதியவர் அந்தக் கூடுதல் வாடகைக்கே வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். இழந்த அந்த ஒரு மாத வாடகையை மீட்க 20 மாதங்கள் ஆகும். புது வண்ணம், துப்புரவு, தரகு ஆகியவை இந்தக் கணக்கில் இன்னும் வரவில்லை. இதை ஒரு நாள் தாளில் போட்டுப் பார்த்த பிறகு, வீட்டை ஒழுங்காக வைத்துக்கொள்ளும் ஒருவரிடம் வாடகையைக் கூட்டிக் கேட்கும்போது சந்தை என்ன கொடுக்கும் என்பதை மட்டும் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

குடிவரும் நாளில் இருவரும் சேர்ந்து வீட்டைச் சுற்றி வந்து, ஒவ்வொரு அறையையும் தேதி தெரியும்படி படமெடுத்து, மீட்டர் எண்களையும் சாவிகளின் எண்ணிக்கையையும் எழுதி இருவரும் கையெழுத்திடும் வழக்கத்தை நான் தாமதமாகத்தான் தொடங்கினேன். முதலில் அது அவநம்பிக்கையின் அடையாளமாக எனக்கே பட்டது. ஆனால் ஏற்கெனவே கீறியிருந்த தரைக்குத் தம்மிடம் பணம் பிடித்துவிடுவார்களோ என்று குடிவருபவருக்கும் அச்சம் இருக்கிறது; அந்தப் படங்கள் அவரையும் காக்கின்றன. விளக்கு, குழாயின் வாஷர், சிம்னி வடிகட்டி போன்றவற்றை யார் மாற்றுவது, அடைப்பு எடுக்க யார் பணம் கொடுப்பது, சுவரில் ஆணியடிக்கலாமா என்பவற்றையெல்லாம் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது பின்னால் வரும் மனத்தாங்கலைத் தவிர்க்கும். முன்பணத்தின் வரம்பு, காலி செய்யச் சொல்ல வேண்டிய கால அவகாசம், வீட்டுக்குள் நுழைய முன்கூட்டித் தெரிவிக்க வேண்டிய கடமை ஆகியவை பற்றிய சட்டம் இடத்துக்கு இடம் மாறும் என்பதால், யாரோ ஒருவருடைய ஒப்பந்தத்தைப் பெயர் மாற்றி அப்படியே எடுத்துக்கொள்ளாமல், உங்கள் ஊரின் சட்டம் தெரிந்த ஒருவரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை வீட்டைப் பார்க்கப் போகிறேன்; சில நாள்களுக்கு முன்பே கேட்டு, அவர்களுக்குத் தோதான நேரத்தில்தான் போவேன். வாடகைக்கு விட்ட பிறகு அது அவர்கள் வீடு. கையில் சாவி இருக்கிறது என்பதற்காக உள்ளே போவது தவறு. போனால் பார்க்க வேண்டியவை சிலதான்: தொட்டிகளுக்கு அடியில் உள்ள குழாய் இணைப்புகள், குளியலறை ஓடுகளின் இடைவெளிப் பூச்சு, சன்னல் மூலைகள், மின்பெட்டி, கரையான் மண்கோடு தெரியக்கூடிய கதவு நிலைகளின் அடிப்பகுதி. பாத்திரம் கழுவாமல் கிடப்பதும் துணி மடிக்காமல் இருப்பதும் நம் வேலையல்ல. ஒரு முறை அதைப் பற்றி வாய் தவறிச் சொன்னாலும், அடுத்த முறை நீங்கள் வருவதற்குள் வீட்டைத் துடைத்து வைப்பார்களே தவிர, ஓதம் ஏறிய மூலையைக் காட்ட மாட்டார்கள்.

காலி செய்யும்போது முன்பணத்தில் எதைக் கழிக்கலாம் என்பதில்தான் பழகிய உறவுகள் கெடுகின்றன. ஆள் வாழ்ந்த வீடு தேயும். நடைபாதையில் தரை மங்குவதும், வெயில் பட்ட சுவர் வெளிறுவதும், ஆணித்துளைகள் சில இருப்பதும் வாழ்ந்ததன் தடயங்கள். அவற்றுக்கான விலையை வாடகையாக ஏற்கெனவே வாங்கிவிட்டோம். உடைந்த கண்ணாடியும் எரிந்த சமையல் மேடையும் வேறு. அப்படிச் சேதம் என்றே முடிவானாலும், புதுப் பொருளின் முழு விலையையும் பிடிப்பது நியாயமில்லை. உட்புற வண்ணத்தின் ஆயுளை ஐந்து ஆண்டுகள் என்று நாம் கணக்கு வைத்திருந்தால், நான்கு ஆண்டுகளுக்கு முன் அடித்த சுவரில் குழந்தை கிறுக்கியதற்கு ஐந்தில் ஒரு பங்குதான் கேட்கலாம். எப்படியும் அடுத்த ஆண்டு நாமே அடித்திருப்போம். கழிக்கும் ஒவ்வொன்றுக்கும் ரசீதின் நகலைக் கொடுத்து, மீதியைச் சொன்ன தேதியில் திருப்பித் தந்துவிட வேண்டும். அந்த மேல்தளத்துக் குடும்பத்திடம், சுவர் பாழானதற்கு நான் ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டேன். அவர்கள் சொன்னார்கள், நான் கேட்கவில்லை என்பதை ஏற்றுக்கொள்ள எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. பிறகு தேடிப் போய்த் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள், உட்காரச் சொல்லவில்லை.

வேலைக்காரர்களைப் பற்றி ஒரு சொல். குறைந்த கூலிக்கு ஆள் தேடி ஒவ்வொரு முறையும் புதியவரை அழைப்பதைவிட, வீட்டின் குழாய்களும் கம்பிகளும் எங்கே போகின்றன என்று அறிந்த ஒரு பிளம்பரையும் ஓர் எலக்ட்ரீஷியனையும் வைத்துக்கொண்டு, அவர்களுக்குப் பணத்தை இழுத்தடிக்காமல் கொடுத்து வந்தால், விடுமுறை நாளிலும் கூப்பிட்ட குரலுக்கு வருவார்கள். சுவரை உடைத்து வேலை நடக்கும்போதெல்லாம், மூடுவதற்கு முன் அளவுகோல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக் குழாயின் போக்கைப் படமெடுத்து வைக்கிறேன். அடுத்த முறை எங்கே உடைப்பது என்று தடவிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. மீந்த ஓடுகள் பத்தையும், அடித்த வண்ணத்தின் எண்ணையும் பத்திரப்படுத்துங்கள். அதே ஓடு ஐந்து ஆண்டுகள் கழித்துக் கடையில் கிடைக்காது.

போன வாரம் அதே மேல்தளத்து வீட்டில் இப்போது இருப்பவரிடமிருந்து ஒரு படம் வந்தது. படுக்கையறைச் சுவர், அதே இடம், பீரோவின் பின்னால் கரும்புள்ளிகள். அன்று மாலையே போனேன், சற்று நடுக்கத்தோடுதான். மீட்டர் நகரவில்லை. அலுமினியத் தாளை ஒட்டிவிட்டு இரண்டு நாள் காத்திருந்து பிரித்தபோது அறைப்பக்கம்தான் நனைந்திருந்தது, சுவர்ப்பக்கம் உலர்ந்திருந்தது. பூஞ்சையைத் துடைத்தெடுத்தோம். நானும் அவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தோம்.